'ப்ளீஸ்' மட்டும் போதுமா?

கண்டியில் வங்கி வேலைக்கோ ஹோட்டல் வேலைக்கோ விண்ணப்பித்தாலும், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடநெறி பற்றி விசாரித்தாலும், ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டியிருக்கிறது. எழுதும் பிள்ளைகள் பெரும்பாலும் இலக்கணத்துக்கே பயப்படுகிறார்கள். 'டிட் யூ வென்ட்' சரியா? 'டிஸ்கஸ் அபௌட்' சரியா? இரண்டும் பிழை. 'டிட்' வந்ததும் இறந்தகாலம் அதிலேயே முடிந்துவிடுகிறது. அடுத்த வினை 'கோ' என்றே நிற்கும். 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள் 'பற்றி' ஏற்கெனவே இருக்கிறது. இப்படிப்பட்ட பிழைகளைக் கொஞ்சம் பயிற்சியில் திருத்திவிடலாம்.

இலக்கணம் சுத்தமாக இருந்தும் கடிதம் முரட்டுத்தனமாக ஒலிப்பதுதான் பெரிய சிக்கல். அதை நம் வகுப்பறைகள் போதிய அளவு விளக்குவதில்லை.

'செண்ட் மீ த ஃபோர்ம், ப்ளீஸ்' என்று எழுதும் மாணவி மரியாதையோடுதான் எழுதுகிறாள். தமிழில் மரியாதை வினையின் ஈற்றில் இருக்கிறது. 'அனுப்பு' என்பது 'அனுப்புங்கள்' ஆனதும் பணிவு வந்துவிடும். ஆங்கில வினைக்கு அப்படி ஓர் ஈறு கிடையாது. தம்பியிடம் சொன்னாலும் முகாமையாளரிடம் சொன்னாலும் அது 'செண்ட்'தான். எனவே 'ங்கள்' இல்லாத குறையை 'ப்ளீஸ்' தீர்த்துவிடும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். கடையில் தேநீர் கேட்க அது போதும். முன்பின் தெரியாத ஒருவரிடம் உதவி கேட்கும் கடிதத்தில், 'ப்ளீஸ்' சேர்ந்த கட்டளை கட்டளையாகவே காதில் விழும். ஆங்கிலம் அங்கே கட்டளையைக் கேள்வியாக மாற்றுகிறது: 'குட் யூ செண்ட் மீ த ஃபோர்ம்?' முடியாது என்று சொல்லவும் எதிரில் இருப்பவருக்கு இடம் விடுகிறோம். பணிவு அந்த இடத்தில்தான் இருக்கிறது.

'கேன்' என்பதன் இறந்தகாலம்தானே 'குட்', நாளை செய்யவேண்டிய வேலைக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. இந்த இடத்தில் அந்த வடிவம் காலத்தைக் காட்டவில்லை. பேசுபவர் கொஞ்சம் விலகி நின்று, நெருக்காமல் கேட்கிறார் என்பதைக் காட்டுகிறது. இப்போது கேட்க வந்ததையே 'ஐ வாண்டட் டு ஆஸ்க்' என்று சொல்வதும் இதனால்தான். 'ஐ வாண்ட்' என்பதற்குப் பதில் 'ஐ வுட் லைக்' என்று எழுதினாலே கடிதத்தின் தொனி மாறிவிடும். 'யூ மஸ்ட் ரிப்ளை' என்று மட்டும் எவருக்கும் எழுத வேண்டாம்.

மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. 'ஐ மோஸ்ட் ஹம்ப்ளி பெக்' என்று தொடங்கும் பழைய பெட்டிசன் நடை இன்னும் நம்மிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதற்குக் காரணம் நம் வரலாற்றில் உண்டு. கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட காலத்திலிருந்து, மலையகத் தொழிலாளி கேட்ட ஆங்கிலம் துரையின் உத்தரவு. அவர் சார்பில் மேலே போன ஆங்கிலம் மன்றாட்டு. சமமான இருவர் பேசிக்கொள்ளும் ஆங்கிலம் லயத்துப் பக்கம் வரவே இல்லை. இன்றைய பிள்ளைகள் கற்கவேண்டியது அதைத்தான். 'ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட்' என்ற ஒரு தொடர் போதும். அதில் மரியாதை இருக்கிறது, மண்டியிடுதல் இல்லை. முடிவில், 'டியர் சேர்' என்று தொடங்கியிருந்தால் 'யோர்ஸ் ஃபெய்த்ஃபுலி', பெயர் சொல்லித் தொடங்கியிருந்தால் 'யோர்ஸ் சின்சியர்லி'.

விடைபெறும்போது 'ஐ வில் கோ அண்ட் கம்' என்கிறோமே, அது பிழையா? 'போயிட்டு வாறேன்' என்ற நம் நாகரிகம் ஆங்கிலத்துக்குள் போன வடிவம் அது. 'போகிறேன்' என்று மட்டும் சொல்லிக் கிளம்ப நமக்கு மனம் வராது. இலங்கை ஆங்கிலத்துக்குத் தனி ஒழுங்கு உண்டு என்று பேராதனையில் கற்பித்த மொழியியலாளர் திரு கந்தையா வாதிட்டார். இங்குள்ள சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு 'கடுவ', அதாவது வாள், என்று பெயர் வைத்ததைப் பற்றியும் அவர் எழுதினார். மைக்கல் மெய்லர் 2007இல் இலங்கை ஆங்கிலத்துக்கென்றே ஓர் அகராதி வெளியிட்டார். ஆகவே கண்டித் தெருவில் அப்படிப் பேசக் கூச்சப்பட வேண்டாம். வெளிநாட்டவருக்கு அது விளங்காது என்பதால் அவர்களுக்கு எழுதும்போது தவிர்த்தால் சரி. அப்படிப் பேசும் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பவர்கள்தான் அந்த வாளை இன்னும் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது; அதே திருத்தம் தமிழை அரசகரும மொழியாகவும் ஆக்கியது. அரச அலுவலகத்தோடு தமிழில் எழுதித் தொடர்புகொள்ளும் உரிமையை 1988இன் பதினாறாவது திருத்தம் உறுதி செய்தது. கச்சேரிக்குத் தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் எழுதி அல்லற்பட வேண்டியதில்லை. தமிழில் எழுதுங்கள், பதிலையும் தமிழில் கேளுங்கள்.