லிசாவின் தட்டும் வளவின் அடுப்பும்

காரைக்குடியில் நண்பர் ஒருவரின் வீட்டு முகப்பில் அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சிலர் கூடியிருந்தோம். பேசுவதாக இருந்த நாவலை ஒருவரும் முழுதாகப் படித்து வரவில்லை. பேச்சு எங்கெங்கோ சுற்றி, கடைசியில் ‘தி சிம்ப்ஸன்ஸ்’ என்னும் அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் பழைய அத்தியாயம் ஒன்றைச் சேர்ந்து பார்ப்பதில் வந்து நின்றது. 1995 அக்டோபர் 15 அன்று ஒளிபரப்பான ‘லிசா தி வெஜிடேரியன்’ அது. எங்களோடு அமர்ந்து பார்த்த நண்பரின் மகள் பிளஸ் டூ படிப்பவள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “அடுத்த வாரம் இவ மறுபடி கறி சாப்பிட்டுருவாளா மாமா?”

இல்லை என்பதே விடை. அன்று விட்ட இறைச்சியை ஏறத்தாழ 30 ஆண்டுகளாகியும் லிசா தொடவில்லை. எனினும் அந்தப் பெண்ணின் ஐயம் பிழையானதன்று. கார்ட்டூன் பார்த்தே வளர்ந்த தலைமுறை அவளுடையது. பிள்ளை பெற்றோரை எதிர்த்துக் கிளம்பும் கதைகள் எப்படி முடியும் என்பது அவளுக்கு மனப்பாடம். கலகத்துக்கு ஆயுள் ஒரு வாரம். அடுத்த வாரம் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இந்தப் ‘பழையபடி’ குறித்தே நாம் இங்குச் சில சொல்ல விரும்புகிறோம்.

முதலில் வாய்ப்பாட்டைப் பார்த்துவிடலாம். 1960இல் ‘தி ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ வழியாக அமெரிக்க இரவுநேரத் தொலைக்காட்சிக்குக் கார்ட்டூன் குடும்பம் வந்து சேர்ந்தது. அதே ஹன்னா-பார்பெரா நிறுவனம் 1962இல் ‘தி ஜெட்ஸன்ஸ்’ தொடரைத் தொடங்கியபோது, இரண்டாம் அத்தியாயத்திலேயே பதின்பருவ மகளைக் கலகத்துக்கு இறக்கிவிட்டது. மகள் ஜூடிக்கு ஜெட் ஸ்கிரீமர் என்ற பாடகன்மீது மோகம். பாட்டெழுதும் போட்டியில் வென்றால் அவனோடு ஒரு மாலைப் பொழுது பரிசு. தந்தை ஜார்ஜ் மகளின் பாட்டைத் திருட்டுத்தனமாக எடுத்துவிட்டு, சின்ன மகன் தன் விளையாட்டுக்கென எழுதிவைத்திருந்த அர்த்தமற்ற இரகசியக் குறிச்சொற்களை அந்த இடத்தில் வைத்து அனுப்புகிறார். அந்த உளறலே பரிசு பெறுகிறது! மகளைப் பின்தொடர்ந்து வேவு பார்க்கப் போகும் தந்தை, முடிவில் அதே பாடகனின் குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருக்கிறார்.

மகளின் இரகசிய ஆசை, தந்தையின் சூழ்ச்சி, சூழ்ச்சி அவர்மீதே திரும்புதல், வேவு, பாட்டில் முடியும் சமாதானம். 60 ஆண்டுகளுக்குப் பின்னும் கார்ட்டூன் குடும்பங்கள் இந்த ஐந்து படிகளில்தான் ஏறி இறங்குகின்றன. 1972 முதல் 1974 வரை வந்த இன்னொரு தொடருக்குத் தலைப்பே ‘வெயிட் டில் யுவர் ஃபாதர் கெட்ஸ் ஹோம்’. நம் வீடுகளில் “அப்பா வரட்டும், இருக்கு உனக்கு” என்று கேட்டு வளர்ந்த எவருக்கும் அதன் பொருள் உடனே விளங்கும். தலைமுறை முரணே அந்தத் தொடரின் மூலதனம். முரண் தீர்ந்துவிட்டால் அடுத்த வாரம் கதை இல்லை. முற்றிவிட்டால் குடும்பமே இல்லை. ஆகவே முரண் தீராமலும் முற்றாமலும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இதற்கு வணிகக் காரணமும் உண்டு. ஒருமுறை ஒளிபரப்பிய அத்தியாயங்களைப் பல நிலையங்களுக்கு மறு ஒளிபரப்புக்காக விற்பதில்தான் இத்தகைய தொடர்களின் பெரும் வருவாய் இருந்தது. எந்த அத்தியாயத்தையும் எந்த வரிசையிலும் போட முடிய வேண்டுமானால், ஒவ்வொன்றும் ஒரே புள்ளியில் தொடங்கி அதே புள்ளிக்குத் திரும்பியாக வேண்டும். இதனோடு கார்ட்டூனுக்கே உரிய சாகாவரமும் சேர்ந்துகொள்கிறது. 1989இல் தொடங்கிய சிம்ப்ஸன்ஸ் தொடரில் பார்ட்டுக்கு இன்றும் வயது பத்து, லிசாவுக்கு எட்டு. பதின்பருவம் என்பதே மாறுதல். மாறாத உடலுக்குள் அதை எப்படிக் காட்டுவது? அதனால் கலகம் ஒரு காய்ச்சலாகச் சித்திரிக்கப்படுகிறது: வந்தது, போயிற்று.

நம் மெகா தொடர்களில் நிலைமை நேர் எதிர். அங்கே எதுவும் பழையபடி ஆவதில்லை. வீட்டை எதிர்த்த மகள் நூற்றுக்கணக்கான அத்தியாயங்களுக்கு அழுதாக வேண்டும். ஒன்று மறதி, மற்றது தண்டனை. எதிர்த்த பிள்ளை எதிர்த்தபடியே வீட்டில் இருக்க முடியும் என்பதை மட்டும் இரண்டும் ஏற்பதில்லை.

இந்தப் பின்னணியில்தான் லிசா நமக்கு முக்கியமாகிறாள். டேவிட் எஸ். கோஹன் எழுதிய அந்த அத்தியாயத்தில், விலங்குகளைத் தொட்டுப் பழகும் இடமொன்றில் ஆட்டுக்குட்டியைக் கண்டு மகிழ்ந்த லிசாவுக்கு, அன்றிரவு தட்டில் ஆட்டுக்கறி பரிமாறப்படுகிறது. அவளால் உண்ண முடியவில்லை. பள்ளி அவளைத் திருத்த ஒரு பிரசாரப் படம் காட்டுகிறது. வீடு பாட்டுப் பாடிக் கேலி செய்கிறது. தந்தை ஹோமர் ஊரைக் கூட்டி விருந்து வைக்கும் நாளில், சுட்ட முழுப்பன்றியை வண்டியோடு இழுத்துச் சென்று மலைச்சரிவில் உருட்டிவிடுகிறாள் லிசா. சண்டை முற்றி வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். மனம் தளர்ந்து கடையொன்றில் இறைச்சித் துண்டம் என்று நினைத்து ஒன்றைக் கடிக்கிறாள். அது சோயாவில் செய்தது. கடைக்காரர் அப்பு அவளை மாடித் தோட்டத்துக்கு அழைத்துச் செல்ல, அங்கே பால் மெக்கார்ட்னியும் அவர் மனைவி லிண்டாவும் இருக்கிறார்கள். பிறரை வற்புறுத்தாமல் தன் கொள்கையோடு வாழ்வதைப் பற்றி அங்குப் பேச்சு நடக்கிறது. இதற்கிடையில் ஹோமர் தெருவில் மகளைத் தேடி அலைகிறார். லிசா விருந்தைக் கெடுத்ததற்காக வருந்துகிறாள். அவர் அவளை முதுகில் சுமந்து வீடு செல்கிறார்.

இதுவரை வாய்ப்பாடுதான். ஆனால் லிசா மன்னிப்புக் கேட்டது விருந்தைக் கெடுத்ததற்கு. இறைச்சியை மறுத்ததற்கு அன்று. ஹோமரும் மரக்கறிக்கு மாறிவிடவில்லை. இருவரும் தத்தம் தட்டுகளோடு ஒரே மேசைக்குத் திரும்புகிறார்கள். இதில் நடிக்க ஒப்புக்கொண்டபோது மெக்கார்ட்னி இட்ட நிபந்தனை, லிசா இனி எப்போதும் மரக்கறியே உண்பவளாக இருக்க வேண்டும் என்பது. தயாரிப்பாளர்கள் ஏற்றார்கள். கதையின் உள்ளிருந்து வர வேண்டிய நேர்மை, வெளியிலிருந்து ஒப்பந்தமாக வந்தது என்பது சற்றே வெட்கப்பட வேண்டியதுதான். வந்ததே, அந்த மட்டில் மகிழ்ச்சி.

எங்கள் குழுவிலேயே ஒருவர் மறுத்தார். கலகம் செய்தவளுக்குத்தானே சகிப்புத்தன்மை போதிக்கப்படுகிறது, கேலி செய்தவர்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் போதனையைச் செய்ய ஓர் இந்தியக் கடைக்காரர் தேவைப்பட்டார் என்பதும் ஒரு தேய்வழக்கே. அப்பு பாத்திரம் குறித்த கண்டனங்கள் வலுத்து, அதற்குக் குரல் கொடுத்த ஹாங்க் அசாரியா 2020இல் விலகிக்கொண்டதை நண்பர்கள் அறிவார்கள். இக்குறைகளை ஒப்புக்கொண்ட பின்னும் ஒன்று எஞ்சுகிறது: அடுத்த வாரமும் அவள் தட்டு தனியாகவே இருந்தது.

தமிழில் இதற்கு இணையான ஒரு முடிவைத் தேடியபோது எங்களுக்கு நினைவுக்கு வந்தது கார்ட்டூன் அன்று. 1986இல் விசு எழுதி இயக்கிய ‘சம்சாரம் அது மின்சாரம்’. ஏவி.எம். தயாரிப்பு. காரைக்குடிக்காரர்கள் அந்தப் பெயரைச் சற்று உரிமையோடு சொல்வதுண்டு. 1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ இவ்வூரில் இருந்த ஏவி.எம். ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டது. விசுவின் படத்தில் தந்தைக்கும் மூத்த மகனுக்கும் பணத்தைப் பற்றி எழுந்த சண்டையில் வீட்டுக்கு நடுவே கோடு விழுகிறது. மூத்த மருமகள் உமா பாடுபட்டு அனைவரையும் மீண்டும் சேர்க்கிறாள். வாய்ப்பாட்டின்படி படம் அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் சேர்த்து வைத்த அதே உமாதான், இனித் தனித்தனியாக இருப்போம், அன்பு அப்போதுதான் நிலைக்கும் என்று சொல்லிக் கணவனோடு புறப்படுகிறாள். அவ்வாண்டின் சிறந்த ஜனரஞ்சகப் படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது. ‘பழையபடி’ ஆகாத முடிவைப் பொதுமக்கள் ஏற்கமாட்டார்கள் என்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்விடத்தில் நாம் அமர்ந்து பேசிய வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் பிரம்மாண்டத்தைக் காண வருவோர் முகப்பின் பர்மா தேக்குத் தூண்களைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். உள்ளே வளவைச் சுற்றி வரிசையாக இருக்கும் அறைகள் திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் உரியவை. நகரத்தார் வழக்கில் ‘வேறு வைத்தல்’ என்று ஒன்று உண்டு. திருமணமான மகனும் மருமகளும் சில காலத்துக்குப்பின் அதே வீட்டுக்குள் தனியாகச் சமைத்து உண்ணத் தொடங்குவார்கள். கூரை ஒன்று, அடுப்பு வேறு. கோவில் கணக்கில் அவர்கள் தனிப் ‘புள்ளி’. இதை யாரும் பிளவு என்று சொல்வதில்லை. வீடு கட்டும்போதே இடம் ஒதுக்கப்பட்ட ஏற்பாடு அது. உமா வீட்டுக்கு வெளியே தேடிய தீர்வை இந்த வீடுகள் உள்ளேயே வைத்திருந்தன.

இதை வைத்துப் பழம்பெருமை பேசுவது நம் நோக்கமன்று. அந்த அடுப்பு திருமணமான மகனுக்குத்தான் கிடைத்தது. பதினேழு வயதுப் பெண்ணுக்கோ, மணமாகாத மகனுக்கோ அங்கே வேறு வைக்க வழியில்லை. அவர்களுக்கு இருந்தது வாசல் மட்டுமே. 1927இல் சிறுகூடல்பட்டியில் பிறந்த முத்தையா பதின்பருவத்திலேயே சென்னைக்குப் போனார். பின்னர் நமக்குக் கிடைத்தவர் கண்ணதாசன். அந்தக் கதையில் எதுவும் பழையபடி ஆகவில்லை, பெயர்கூட ஆகவில்லை. ஆனால் வாசலைத் தாண்டிய எல்லாரும் கண்ணதாசனாகிவிடுவதில்லை.

இன்னொன்றையும் சோதித்துப் பார்க்க வேண்டும். லிசாவின் கலகம் நம்மூரில் எளிதாகப் பாராட்டுப் பெறும். கறி உண்ணும் வீட்டில் ஒரு பிள்ளை கறியை விட்டால் பெரியவர்கள் முணுமுணுத்தாலும் உள்ளூர மெச்சுவார்கள். நம் சமூகத்தில் உணவின் ஏணி அப்படிச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. மரக்கறி வீட்டுப் பெண் ஒருத்தி மீன் உண்பேன் என்று சொன்னால்? சாதி தாண்டி ஒருவனை விரும்புகிறேன் என்றால்? வீட்டார் குறித்த படிப்பை மறுத்தால்? அப்போதும் அவளுக்குத் தனித் தட்டு வைக்க முடிந்தால்தான் நாம் லிசாவைக் கண்டு சிரித்ததற்கும் நெகிழ்ந்ததற்கும் பொருள் உண்டு.

கதை எழுதும் நண்பர்களிடம் நாம் வேண்டுவது இதுதான். கலகம் செய்த பிள்ளையை மனம் திருந்தியவளாகக் கூட்டிவராதீர்கள். பெற்றோரை ஒரே காட்சியில் ஞானிகளாக்கி அவள் காலடியில் அமர்த்தவும் வேண்டாம். மறுநாள் காலை அந்த வீட்டில் யார் என்ன சமைத்தார்கள், யார் யாரோடு அமர்ந்து உண்டார்கள் என்று எழுதுங்கள். கடினமான கதை அங்குதான் தொடங்குகிறது.

லிசா பிறகு கறி சாப்பிடவே இல்லை என்று நாங்கள் சொன்னதும் நண்பரின் மகள் “அப்படியா?” என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் அங்கேயே நின்றிருந்தாள். நண்பர் காபி தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவள் எதை மனத்தில் வைத்துக் கேட்டாள் என்று எங்களில் யாரும் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.