விசர் மேதை அல்ல, வேலை தெரிந்த கிற்றார்காரர்

பீற்றர் கிறீனைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே கதைதான். பெரிய திறமைசாலி. 1970இல் மியூனிக்கில் ஒரு விருந்துக்குப் போனார், எல்.எஸ்.டி. எடுத்தார், மூளை கலங்கிவிட்டது, அவ்வளவுதான். இந்தக் கதையைச் சொல்லிவிட்டு 'த சூப்பர்நச்சுரல்' என்ற வாத்திய இசையைப் போட்டுக்காட்டி, "கேட்டீங்களா, மனுசன் அப்பவே இந்த உலகத்தில இல்லை" என்று பெருமூச்சு வேறு விடுவார்கள்.

எங்களுக்கு இந்தப் பெருமூச்சோடுதான் சண்டை.

முதலில் ஆண்டுக் கணக்கைப் பாருங்கோ. 'த சூப்பர்நச்சுரல்' வெளிவந்தது 1967இல், ஜோன் மேயோலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழுவின் 'எ ஹார்ட் ரோட்' அல்பத்தில். மியூனிக்குக்கு மூன்று வருடம் முந்தி. அதைப் பதிவுசெய்தபோது கிறீனுக்கு இருபது வயதளவு. லண்டன் சுவர்களில் கடவுள் என்று எழுதப்பட்ட எரிக் கிளப்ரன் விட்டுப்போன இடத்துக்கு வந்த பெடியன். அந்த வயதில், அந்த இடத்தில் நிற்கிற எவரும் என்ன செய்வார்கள்? கிளப்ரனை விட வேகமாக வாசித்துக் காட்டப் பார்ப்பார்கள். கிறீன் செய்தது மற்றது: ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்படி நிற்பது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் விசர்க்கதை தானாக விழுந்துவிடும். கிற்றார் தந்தியைத் தட்டினால் ஒலி கொஞ்ச நேரத்தில் செத்துப்போகும். அதைச் சாகவிடாமல் வைத்திருக்க அம்பிளிஃபையரை நன்றாகக் கூட்டி, அதற்கு முன்னால் சரியான இடத்தில் நிற்க வேண்டும். ஒலிபெருக்கியின் ஒலி தந்தியை மறுபடி அதிர வைக்கும், அந்த அதிர்வு மறுபடி அம்பிளிஃபையருக்குப் போகும், சுற்று தொடரும். கொஞ்சம் விலகினால் சுரம் அறுந்துவிடும். கொஞ்சம் நெருங்கினால் ஊளையிடத் தொடங்கும். இடையில் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியில், விரலை அசைத்து அசைத்து, சுரத்தை உயிரோடு வைத்திருக்க வேண்டும். பேய் பிடித்தவனுக்கு இது கைவராது. காதும் காலும் விரலும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டிய வேலை இது. மொத்தமே மூன்று நிமிடமளவு, அதில் வீணான சுரம் என்று ஒன்றைக்கூட எங்களால் காட்ட முடியவில்லை.

மற்ற வாழ்க்கை வேகமாக நடந்தது. 1967இல் ஃபிளீற்வுட் மக்கைத் தொடங்கினார். குழுவுக்கு வைத்தது ட்ரம்ஸ்காரரதும் பேஸ்காரரதும் பெயர், அந்த பேஸ்காரர் அப்போது குழுவில் சேர்ந்திருக்கவே இல்லை! 'அல்பட்ரொஸ்' 1969 ஜனவரியில் பிரித்தானியாவில் முதலிடத்துக்கு வந்தது. 'பிளக் மஜிக் வுமன்' அவர் எழுதியது. சன்ரானாவின் பாட்டு என்று சத்தியம் பண்ணுகிற நண்பர்கள் எங்களுக்கும் இருக்கிறார்கள்.

1970 மேயில் குழுவை விட்டுப் போனார். இங்கேதான் எங்களுக்கு உண்மையில் கோபம் வருகிறது. பட்டினியால் வாடும் மக்களைத் தொலைக்காட்சியில் பார்த்து, சம்பாதிக்கிற காசைக் கொடுத்துவிடுவோம் என்று குழுவில் உள்ளவர்களிடம் கேட்டார். தன் காசில் தர்ம அமைப்புகளுக்குக் கொடுக்கவும் செய்தார். கதை சொல்கிறவர்கள் இதை நோயின் முதல் அறிகுறி என்று எழுதுகிறார்கள்! காசைக் குவித்திருந்தால் சுகதேகி, பகிரக் கேட்டால் விசரன். இது யாருடைய மருத்துவம்?

நோய் வந்தது உண்மை, அதை நாங்கள் மறைக்கவில்லை. மனச்சிதைவு நோய் என்று சொன்னார்கள், மருத்துவமனையில் வைத்தார்கள், மின்னதிர்ச்சிச் சிகிச்சை கொடுத்தார்கள். 1977இல் தன் கணக்காளரை மிரட்டியதாகக் கைதும் செய்யப்பட்டார். அதே 1977இல்தான் அவர் தொடங்கிய குழு, அவர் இல்லாமல், 'ரூமர்ஸ்' அல்பத்தைக் கோடிக்கணக்கில் விற்றது. அந்த நோய் அவருடைய வாசிப்புக்கு எதையும் கொடுக்கவில்லை. பல வருடங்களுக்குக் கிற்றாரையே அவர் கையிலிருந்து பறித்தது. அதைப் போய் மேதைமையின் விலை என்று அழகுபடுத்துகிறவர்களுக்கு நோயும் தெரியாது, கிற்றாரும் தெரியாது.

இன்னொரு கூட்டம் இருக்கு. அவர்களுக்கு எல்லா மந்திரமும் அந்த 1959 லெஸ் போலில்தான். பிக்கப் ஒன்றின் காந்தம் தலைகீழாக இருந்ததாம், அதனால்தான் அந்த ஒலியாம். கிறீன் அதை கரி மூருக்கு விற்றார். மூர் அதை வைத்து 1995இல் 'புளூஸ் ஃபோர் கிறீனி' என்று ஒரு அல்பமே செய்தார். 2014இல் இருந்து அது மெற்றாலிக்காவின் கேர்க் ஹமெற்றிடம் இருக்கிறது. கிற்றார் கைமாறிக்கொண்டே போகுது. 'த சூப்பர்நச்சுரல்' போல இன்னொன்று அதிலிருந்து வரவில்லை.

அவர் 2020 ஜூலை வரை உயிரோடு இருந்தார் என்பதைக்கூடப் பலர் கவனிக்கவில்லை. தொண்ணூறுகளில் ஸ்பிளின்ரர் குறூப் என்ற குழுவோடு திரும்பி வந்து, 1998இல் றொபேட் ஜோன்சனின் பாடல்களை ஒரு முழு அல்பமாக வாசித்தார். விரல் பழைய விரல் இல்லை, குரலும் தடித்துப்போய்விட்டது. ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்த மனுசனுக்கு அப்போதும் தெரிந்திருந்தது. 1970இல் கதையை முடித்துக்கொண்டவர்கள் இந்த அல்பத்தைக் கேட்டதாகவே தெரியவில்லை.