டிக்கட்டில் எழுதாத மணித்தியாலங்கள்



அக்கரைப்பற்றிலிருந்து நாளாந்தம் பஸ் ஏறி வினாயகபுரத்துக்குப் படிப்பிக்கப் போகும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய உம்மா உம்றாவுக்குப் போகிறா. டிக்கட்டின்படி கட்டுநாயக்காவில் பிற்பகல் 3.00 மணிக்குப் புறப்பட்டு, ஜித்தாவில் மாலை 6.30க்கு இறக்கம். திரும்பும்போதோ இரவு 8.00க்கு ஏறி, அதிகாலை 4.00க்குத்தான் வந்து சேர்கிறாவாம். போக மூன்றரை, வர எட்டா? உம்மாவுக்கு நீரிழிவு. இன்சுலினுக்கு எந்தக் கணக்கை வைப்பது?

டிக்கட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம், சகோதரி. சவூதியின் கடிகாரம் நம்முடையதற்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் ஓடுகிறது. (1996 பிற்பகுதியிலிருந்து 2006 ஏப்ரல் வரை இது மூன்றாக இருந்தது. அக்காலத்தில் அங்கு வேலை செய்தவர்கள் இன்னும் மூன்று என்றே சொல்வார்கள்.) ஜித்தாவின் 6.30 நமக்கு இரவு 9.00. ஆகவே போக ஆறு மணித்தியாலம், வர ஐந்தரை. தூரம் இரு பக்கமும் ஒன்றுதான், ஏறத்தாழ 4,650 கிலோமீற்றர். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று, வரும்போது விமானத்தைத் தள்ளிவிடுகிறது. டோஹாவில் மாறிப் போவதென்றால் தூரம் அதிகம் கூடாது, காத்திருப்புத்தான் கூடும்.

ஆனால் உம்மாவின் உடம்புக்கு இந்த ஆறு மட்டுமா கணக்கு? அக்கரைப்பற்றிலிருந்து கட்டுநாயக்கா 300 கிலோமீற்றருக்கு மேல். முதல்நாள் இரவு 9.00க்கு பஸ் ஏறினால், ஜித்தாவில் இறங்கும்போதே 24 மணித்தியாலம். பிறகு குடிவரவு வரிசை, பெட்டி எடுப்பது, மக்காவுக்கு இன்னும் கிட்டத்தட்ட 100 கிலோமீற்றர். தலை சாய்க்க 27 மணித்தியாலத்துக்குக் குறையாது. இதை எந்த டிக்கட்டும் சொல்லாது.

எனவே டாக்டரிடம் போகும்போது "ஆறு மணித்தியாலப் பயணம்" என்று சொல்லாதீர்கள். வீட்டு வாசலிலிருந்து மக்கா வரை நேரத்தை எழுதிக் காட்டி, ஊசியின் அளவையும் வேளையையும் கேளுங்கள். கைத்தொலைபேசி இறங்கியதும் தானாகவே சவூதி நேரத்துக்கு மாறிவிடும். ஆகவே உம்மாவின் கையில் ஒரு கைக்கடிகாரம் கட்டி, அன்று முழுக்க ஊர் நேரத்திலேயே விடுங்கள். இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெட்டியோடு கீழே போனால் குளிரில் உறைந்து பழுதாகலாம். டாக்டரின் கடிதமும் கூடவே இருக்கட்டும். சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியை, விமானத்தில் சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்த பிறகே போடச் சொல்லுங்கள். வண்டில் வருகிறதென்று போட்டுவிட்டுக் காத்திருந்தால் சீனி இறங்கிவிடும். பையில் பிஸ்கட்டும் கொஞ்சம் சீனியும் வையுங்கள்.

திரும்பி வரும் அதிகாலை 4.00 மறுநாள் திகதி என்பதையும் கவனியுங்கள். உம்மா ஜித்தாவில் விமானம் ஏறும்போது நமக்கு இரவு 10.30. கூட்டிவரப் போகும் வேன் அதற்கு முன்பே அக்கரைப்பற்றை விட்டிருக்க வேண்டும்.