பக்கம் மாறினால் குறி மாறுமா?

"அந்தப் பக்கம் கொண்டு போனால் குறி மாறும்." ரியூசன் கொட்டிலில் இதைப் பாடமாக்காத ஆள் எங்கட செட்டில இல்லை. ஏன் மாறும் எண்டு கேட்டால், "சொன்னதைச் செய்" எண்டுதான் பதில் வரும்.

உண்மையில் எதுவும் எங்கயும் போறதில்லை. ஒரு எண்ணை 3 ஆல் பெருக்கி 7 ஐக் கூட்ட 22 வருகுது. கடைசியாகச் செய்தது கூட்டல், ஆகவே முதலில் அதைத்தான் அவிழ்க்க வேணும். இரண்டு பக்கமும் 7 ஐக் கழி, 15. இரண்டு பக்கமும் 3 ஆல் வகு, 5. சப்பாத்தைக் கழற்றாமல் சொக்ஸைக் கழற்றேலாது, அவ்வளவுதான். மந்திரத்தை நம்பின பிள்ளையோ அந்த 3 இன்ர குறியையும் மாத்தி, −3 ஆல் வகுத்து, −5 எண்டு எழுதும். அதுக்குக் குட்டு வேற!

சோதினையில புள்ளி போனால் போகட்டும். கடை பில்லில? 18 வீத வற் சேர்த்து 1180 ரூபா. இதில வரி எவ்வளவு? ஓஎல் கணிதத்தில ஏ எடுத்தவையே 1180 இல 18 வீதம் பார்த்து 212.40 எண்டுவினம். நடந்தது 1.18 ஆல் பெருக்கல். அதுக்கு நேர்மாறான செய்கை 1.18 ஆல் வகுத்தல். சாமான் 1000, வரி 180.

சிலபஸ் முடிக்கோணும், விளக்க நேரமில்லை எண்டுவினம் சேர்மார். சரி, 0 ஆல் பெருக்கினதை ஏன் மீட்கேலாது எண்டு ஒரு பிள்ளை கேட்டால், எந்தக் குறியை மாத்தச் சொல்லுவியள்?