ஆமையிடம் கற்ற கணக்கு

தரையில் ஒரு ரோபோ. கவிழ்த்த கிண்ணம் போன்ற முதுகு, வயிற்றில் பேனா. பெயர் ஆமை. கம்ப்யூட்டரில் தட்டும் கட்டளைக்கேற்ப அது நகரும், திரும்பும், போன வழியெல்லாம் கோடு கிழிக்கும்.

அதைச் சமபக்க முக்கோணம் வரையவைக்க முயலும் சிறுவன் வழக்கமாக ஒரு தவறு செய்வான். '10 எட்டு முன்னே போ, 60 டிகிரி வலப்பக்கம் திரும்பு' என்று மூன்று முறை கட்டளையிடுவான். முக்கோணத்தின் கோணம் 60 தானே? ஆனால் கோடுகள் சேராது. இன்னும் மூன்று முறை சொன்னால் அறுகோணம் வந்து நிற்கும். குழம்பியவன் தானே ஆமையைப் போல் நடந்து பார்ப்பான். மூலையில் உடம்பு 120 டிகிரி திரும்ப வேண்டும் என்பது அப்போது பிடிபடும். மூன்று மூலைக்கும் சேர்த்து 360. சதுரமானாலும் அதே 360. யாரும் ஒப்பிக்கச் சொல்லாமலே வெளிக்கோணத் தேற்றம் கைக்கு வந்துவிடுகிறது.

ஆமையை இயக்கும் லோகோ மொழி 1967ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தது. உருவாக்கியவர்கள் வாலஸ் ஃபோயர்சைக், சிந்தியா சாலமன், சீமோர் பேப்பர்ட். தரை ஆமை அதன்பின் எம்.ஐ.டி.யில் வந்தது. தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணித நிபுணரான பேப்பர்ட்டுக்குச் சிறுவயதில் வாய்ப்பாட்டையும் சமன்பாட்டையும் புரியவைத்தவை கார்களின் பற்சக்கரங்கள். 1980ல் வெளியான 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலில் அவரே இதைச் சொல்கிறார். எல்லாக் குழந்தைக்கும் பற்சக்கரம் பிடிக்காது. எந்த வேடமும் போடக்கூடிய கம்ப்யூட்டர் அந்த இடத்தை நிரப்பும் என்று நம்பினார்.

இந்தியாவில் 2017ல் தொடங்கிய திக்‌ஷா தளத்தின் புண்ணியத்தில், பாடநூலின் க்யூ.ஆர். கோடை போனில் காட்டினால் வீடியோ ஓடுகிறது. நடுநிலை வகுப்பிலிருந்தே கோடிங் வேண்டும் என்கிறது 2020ன் தேசியக் கல்விக் கொள்கை. நல்லதுதான். ஆனால் வீடியோவில் முக்கோணம் எப்போதும் சரியாகவே வந்துவிடுகிறது. பார்க்கும் குழந்தைக்குத் தவறு செய்யவும் வழியில்லை, அதைத் துருவித் திருத்தவும் வழியில்லை.

ரோபோவுக்குப் பணம் இல்லையா? சி.பி.எஸ்.இ. பள்ளிகள் 11ஆம் வகுப்பில் கற்பிக்கும் பைத்தான் மொழிக்குள் அதே ஆமை இலவசமாக இருக்கிறது. கம்ப்யூட்டரும் இல்லாத பள்ளியில் சாக்பீஸ் போதும். ஒரு மாணவி ஆமையாக நடக்க, மற்றவர்கள் கட்டளை கொடுக்கலாம். '60' என்று யாராவது தவறாகச் சொல்லும்போது ஆசிரியர் சற்று நேரம் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். செலவில்லாத வேலை. ஆனால் அதுதான் கடினம்.