‘நாளைக்கும் வருவீங்களாக்கா?’

குடிசைப் பகுதியிலோ காலனியிலோ உள்ள குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஆசையாகக் கிளம்பும் எந்த இளைஞரையும், முதல் நாள் பாடம் முடிந்ததும் ஒரு கேள்வி வழிமறிக்கும். ‘நாளைக்கும் வருவீங்களாக்கா?’

கேட்பதற்குப் பாசமாக இருக்கும். ஆனால், அது பாசம் மட்டுமல்ல. ஏற்கெனவே வந்து, சாக்லேட் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு காணாமல்போன அண்ணன்களையும் அக்காக்களையும் பார்த்த குழந்தை கேட்கும் கேள்வி அது.

முதல் நாள் அனுபவம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரே பாயில் ஒன்றாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் உட்கார்ந்திருக்கும். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே ஓர் அக்கா எழுதுவாள். தண்ணீர் வந்துவிட்டால் பாதிப் பேர் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நான்காம் வகுப்புப் பையனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வராது. அவனே மனக்கணக்கில் மீதிச் சில்லறையைச் சரியாகச் சொல்வான். போனவருக்கு முதலில் பரிதாபம் வரும், அடுத்து எரிச்சல் வரும். இரண்டாவது வாரம் காய்ச்சல், கல்யாண வீடு, பரீட்சை என்று காரணங்கள் வரும். உண்மையான சோதனை அங்கேதான்.

மும்பையில் ஓர் ஆரம்பம்

1989 வாக்கில், 18 வயதில் மும்பையின் ஒரு குடிசைப் பகுதிக்குள் நடந்து போனார் ஷாஹீன் மிஸ்திரி. பல நாடுகளில் வளர்ந்தவர். விடுமுறைக்கு வந்த ஊரிலேயே தங்கிப் படிப்பது என்று முடிவெடுத்திருந்தார். அங்கே ஒரு சின்ன வீட்டில் குழந்தைகளோடு உட்காரத் தொடங்கினார். வகுப்பு நடத்த இடம் கேட்டுப் பள்ளிகளின் படியேறினார். பல பள்ளிகள் கைவிரித்தன, கடைசியில் ஒரு பள்ளி கதவைத் திறந்தது. 15 குழந்தைகளுடன் முதல் மையம் தொடங்கியது. கல்லூரி மாணவர்களே ஆசிரியர்கள். அதுதான் ‘ஆகாங்க்ஷா’ அமைப்பின் ஆரம்பம்.

பின்னாளில் அவர் ‘டீச் ஃபார் இந்தியா’வைத் தொடங்கியபோது வைத்த நிபந்தனை கவனிக்க வேண்டியது. சேருகிறவர் இரண்டு ஆண்டுகள் முழுநேரமாக வகுப்பறையில் இருக்க வேண்டும். ‘முடிந்தபோது வருகிறேன்’ என்பது அங்கே செல்லாது.

மாலை நேரத்து வகுப்புகள்

நம் மாநிலத்திலும் இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்தன. அதற்குச் சில நாட்கள் முன்பு, அக்டோபர் 27 அன்று, விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கப்பட்டது. சுமார் 20 குழந்தைகளுக்கு ஒரு தன்னார்வலர், மாலை 5 மணி முதல் 7 மணிக்குள் வகுப்பு, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அதே பகுதியில் குடியிருந்த பெண்கள்.

அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய ஆய்வாளர்கள் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளிடம் ஆய்வு செய்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கைக் குழந்தைகள் மீட்டிருந்தார்கள். அந்த மீட்சியில் 24 சதவிகிதம் இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்கிறது ஆய்வு. பெரிய கட்டடமும் கணினியும் இல்லாமல், அதே தெருவில் இருந்த ஒருவர் தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்ததால் கிடைத்த பலன் இது.

புதுக்கோட்டைக்குப் புதிதல்ல

இந்தப் பாடம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஏற்கெனவே தெரியும். 1991-ல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் இங்கே ஊர் ஊராகப் பரவியது. அது பெரியவர்களுக்கான எழுத்தறிவு இயக்கம். படிக்க வந்தவர்களில் கல்குவாரியில் உடைத்துவிட்டு வந்தவர்களும், வயலில் இருந்து திரும்பியவர்களும் உண்டு. அவர்கள் வேலை முடிந்து வரும் நேரம்தான் வகுப்பு நேரம். சொல்லிக்கொடுப்பவர் காத்திருந்தார். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதும் அந்த இயக்கத்தில்தான்.

இன்று பொன்னமராவதியில் இப்படி ஒரு வேலையைத் தொடங்க நினைப்பவருக்கு ஆள்பலம் பக்கத்திலேயே இருக்கிறது. மேலைச்சிவபுரியில் கணேசர் கலை அறிவியல் கல்லூரி உண்டு. நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். சனிக்கிழமைதோறும் மூன்று மணி நேரம் என்று வைத்தால், 40 வாரத்தில் ஓராண்டுக்கான 120 மணி நேரம் முடிந்துவிடும். அதை ஒரே தெருவில், ஒரே குழந்தைகளோடு செலவிட்டால் எவ்வளவோ மாறும்.

கிளம்பும் முன்...

* வாரம் ஒரு நாள்தான் முடியுமா? ஒரு நாள் என்றே சொல்லுங்கள். தினமும் வருவதாகச் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள்.

* முதல் வாரம் பாடம் வேண்டாம். ஒவ்வொரு குழந்தையின் பெயரையும், அது எதுவரை வாசிக்கும் என்பதையும் தெரிந்துகொண்டால் போதும்.

* முதலில் அம்மாக்களிடம் பேசுங்கள். எந்த நேரத்தில் தண்ணீர் வரும், எந்தப் பிள்ளை தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

* குழந்தையின் போட்டோவை ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையை யாரோ அப்படிக் காட்டினால் விடுவீர்களா?

* அடி, வேலைக்கு அனுப்புவது, தவறான தொடுதல் என்று ஏதாவது தெரிய வந்தால், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

* நிறுத்த வேண்டிய நிலை வந்தால், குழந்தைகளிடம் நேரில் சொல்லிவிட்டு, வேறொருவரை அறிமுகப்படுத்திவிட்டுக் கிளம்புங்கள்.

‘நாளைக்கும் வருவீங்களாக்கா?’ என்ற கேள்விக்கு, ‘நாளைக்கு வர முடியாதுடா, சனிக்கிழமை நாலு மணிக்கு வருவேன்’ என்பதும் நல்ல பதில்தான். சனிக்கிழமை நாலு மணிக்கு அந்தப் பாயில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் போதும்.