பக்கத்து வீட்டு வேலி நம்ம இடத்துக்குள்ள வந்துடுச்சா? பிடுங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

வேலை வெளியூரில். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை வந்து மனையைப் பார்த்தால், பக்கத்து வீட்டுக்காரர் புதுசா கம்பி வேலி போட்டிருக்கிறார். 'ரெண்டு அடிதானே' என்று விட்டுவிட முடியுமா? 40 அடி நீள எல்லையில் 2 அடி போனால் 80 சதுர அடி காலி. அதற்காக ஆத்திரத்தில் வேலியைப் பிடுங்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

வேலியைப் பிடுங்கினால் என்ன ஆகும்?

இடம் உங்களுடையதாகவே இருந்தாலும் சிக்கல்தான். அனுபவத்தில் இருப்பவரைச் சட்ட வழியில் இல்லாமல் வெளியேற்றினால், யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கே போகாமல், அவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பப் பெறலாம். சர்வே கல்லை நகர்த்துவது தனிக் குற்றம். ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

முதலில் எதைப் பார்க்கணும்?

பத்திரம், பட்டா, புலப்படம் மூன்றையும் ஒப்பிடுங்கள். நகரப் பகுதி மனை என்றால் நகர நில அளவைப் பதிவேடும் தேவை. திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989-ல்தான். அதற்கு முந்தைய பத்திரத்தில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று இருக்கும். சர்வே எண்ணும் மாறியிருக்கலாம், சரிபாருங்கள். பத்திரத்தில் உள்ள அளவும் நான்கு எல்லையும் முரண்பட்டால், பொதுவாக நான்கு எல்லைக்கே நீதிமன்றங்கள் முன்னுரிமை தருகின்றன.

யார் வந்து அளப்பார்கள்?

அரசு சர்வேயர். தமிழ்நிலம் இணையதளத்தில் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம். அளக்கும் நாளில் பக்கத்து வீட்டுக்காரரும் இருப்பது நல்லது. 'எனக்குத் தெரியாமல் அளந்துட்டாங்க' என்ற பேச்சு பிறகு வராது. ஒன்றைக் கவனியுங்கள்: கூட்டுப் பட்டாவாக இருந்து உட்பிரிவு செய்யப்படவில்லை என்றால், உங்கள் பங்கின் எல்லையை சர்வேயரால் காட்ட முடியாது. முதலில் உட்பிரிவுக்கு மனு போட வேண்டும்.

அளந்த பிறகும் ஒத்துக்கலைன்னா?

போலீஸில் 'இது சிவில் மேட்டர்' என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். சர்வேயர் எல்லையைக் காட்டலாம். யாருக்குச் சொந்தம் என்பதை முடிவு செய்வது உரிமையியல் நீதிமன்றம். பட்டா மட்டுமே உரிமைக்கு இறுதி ஆதாரம் ஆகாது. வழக்கில் வழக்கறிஞர் ஆணையரை நியமித்து, சர்வேயர் உதவியோடு இடத்தை அளக்கச் சொல்லுமாறு கேட்கலாம்.

'அப்புறம் பார்த்துக்கலாம்' ஏன் ஆபத்து?

ஒருவர் உங்கள் இடத்தை வெளிப்படையாக, தொடர்ச்சியாக, உங்கள் உரிமையை மறுத்து 12 ஆண்டுகள் அனுபவித்ததாக நிரூபித்தால், எதிரிடை அனுபவத்தின் மூலம் அவரே உரிமை கோரலாம். அதை வைத்து அவரே வழக்கும் தொடரலாம் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் மட்டும் இந்த 12 ஆண்டுக் கணக்கு நிற்காது. வழக்குத் தாக்கல் செய்தால்தான் நிற்கும். நீங்கள் அனுமதி கொடுத்து அவர் பயன்படுத்தினால் இந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் அந்த அனுமதியை எழுத்தில் வைத்திருங்கள்.

கோர்ட் அலைச்சல் வேண்டாமா?

மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். லோக் அதாலத்தில் இருவரும் சம்மதித்து முடிக்கும் தீர்வுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் மதிப்பு உண்டு, மேல்முறையீடும் கிடையாது. வாய்ப்பேச்சாகச் சமாதானம் ஆகிவிட்டு, அடுத்த தலைமுறை அதே வேலிக்குச் சண்டை போடுவதைவிட இது மேல்.

புதிதாக வேலி போடப் போகிறவர்களுக்கும் இதேதான்: முதலில் அளங்க, அப்புறம் கம்பம் நடுங்க.